எட்டுக்காலும் சலவைக்கடைப் பேயும்

அவளுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நான்தான். மாலைப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் எட்டுப் பத்திகள் உண்டு. பத்தியை அச்சகத்தில் 'காலம்' என்போம். எட்டுக் காலத்துக்கும் குறுக்கே ஓடுகிற தலைப்பை எழுத அந்த ஆபீசில் அவளை விட்டால் ஆள் கிடையாது. 'எட்டுக்காலம்' என்று கூப்பிடத் தொடங்கினேன். வாய்க்கு வசதியாக அது 'எட்டுக்கால்' ஆகிவிட்டது. எட்டுக்கால் பூச்சி என்று யாராவது சீண்டினால், "ஆமா, வலை பின்றதுதானே நம்ம பொழப்பு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

நான் அங்கே கம்பாசிட்டர். அவள் எழுதுவதை ஈய எழுத்தில் கோர்ப்பது என் வேலை. பத்தொன்பது வயதில் பிழை திருத்த வந்தவள், ஆறே மாதத்தில் தலைப்பு எழுத உட்கார்ந்துவிட்டாள். செய்தி ஆசிரியர் எந்தச் செய்தி வந்தாலும் "பகீர்னு இருக்கா?" என்று மட்டும்தான் கேட்பார். அதனால் அவர் பெயரே பகீர். அவருக்கு இவள் கைராசிக்காரி.

ஒரு நாள் ஏதோ ஒரு வீட்டுக் கிணற்றில் தோட்டக்காரரின் கையுறை மிதந்தது. கை என்று பயந்து வீட்டுக்காரர் போலீசுக்கு ஆள் அனுப்ப, போலீஸ் வந்து பார்த்து, சிரித்துவிட்டுப் போனது. நாலு வரிச் செய்தி. இவள் தலைப்பு வைத்தாள்: 'கிணற்றில் கை... போலீஸ் விரைந்தது'. அன்று பத்திரிகை ஐந்து மணிக்கே தீர்ந்துவிட்டது. நாலாவது வரியில் 'கையுறை' என்று சரியாகவே இருந்தது. அவள் பொய் எழுதுகிறவள் இல்லை. உண்மையைப் பாதியில் நிறுத்தத் தெரிந்தவள்.

அந்தப் பத்திரிகை பிறந்த கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். எங்கள் முதலாளியின் அப்பா முதலில் நடத்தியது 'சலவையும் சாயமும்' என்ற மாத இதழ். எட்டுப் பக்கம். சோப்பு விலை, எந்தச் சாயம் வெயிலில் வெளுக்கும், எந்த ஊரில் சலவைக்கடை விலைக்கு வருகிறது, இவ்வளவுதான். வாங்கியவர்கள் அத்தனை பேரும் தொழில்காரர்கள். ஒரு மாதம், சந்தாதாரரான ஒரு சாயக்காரரே தன் சாயத் தொட்டியில் பிணமாகக் கிடந்தார். தொழில்காரர் இறந்த செய்தி என்பதால் பெரியவர் அதை மரியாதையாக முதல் பக்கத்தில் போட்டார். வாழ்நாளில் ஒரு கைக்குட்டைக்குக்கூடச் சாயம் போடாதவர்கள் எல்லாம் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஒரே மணி நேரத்தில் கட்டு காலி. பெரியவர் புத்திசாலி, புரிந்துகொண்டார். அடுத்த வருஷம் மாலைப் பத்திரிகை வந்தது. பிள்ளைப் பத்திரிகை வளர்ந்து மாடி முழுக்கப் பிடித்துக்கொள்ள, தாய் இதழ் மாடிப்படிக்கு அடியில், காகித உருளைகள் அடுக்கிய அறைக்கு ஒதுங்கியது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது 'சலவையும் சாயமும்' இதழுக்கு ஆசிரியர் என்று யாருமே கிடையாது. விளம்பரத்தையும் விலைப்பட்டியலையும் ஒட்டுப்போட்டு நானே கோர்த்து அனுப்பிவிடுவேன்.

அவள் தலைப்பு எழுத உட்கார்ந்து இப்படி எட்டு வருஷம் ஓடியது. அப்புறம் அந்த டீச்சர் விவகாரம் வந்தது.

ஒரு பள்ளிக்கூட டீச்சர் இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை. அதே தெரு ஜவுளிக்கடைக்காரரும் இரண்டு நாளாக ஊரில் இல்லை. இரண்டும் உண்மை. இவள் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தாள்: 'டீச்சரைக் காணோம், ஜவுளிக்கடைக்காரர் எங்கே?' நடுவில் ஒரே ஒரு காற்புள்ளி. அதைக் கோர்த்த கை என்னுடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு அந்த டீச்சரே ஆபீசுக்கு வந்தார். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டுகள். கத்தவில்லை, அழவில்லை. தலைப்பு எழுதுகிறவர் யார் என்று கேட்டு, இவள் மேசை எதிரில் வந்து நின்றார்.

"எங்க அம்மாவுக்கு ஆபரேஷன். அதான் போயிருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு லெட்டர் கொடுத்துட்டுத்தான் போனேன்" என்றார். "இப்ப வகுப்புக்குள்ள நுழைஞ்சா பிள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்குதுங்க. நீங்க எழுதினதுல எது பொய்னு கேக்கலாம்னு வந்தேன். வழியெல்லாம் படிச்சுப் பார்த்தேன். ஒண்ணுமே பொய் இல்ல. அதான் என்ன கேக்கறதுன்னு தெரியல."

இவள் எழுந்து நின்றாள். எதையாவது சொல்லிச் சமாளிக்கிற வாய் அவளுக்கு. அன்று அதில் வந்தது ஒரே ஒரு சொல்தான். "உட்காருங்க" என்றாள். டீச்சர் உட்காரவில்லை. போய்விட்டார்.

அன்று மத்தியானமே இவள் மறுப்பு ஒன்று எழுதி பகீரிடம் கொடுத்தாள். அவர் அதை மறுநாள் ஆறாம் பக்கத்தில், வானிலைக்குக் கீழே, எறும்பு சைஸ் எழுத்தில் போட்டார்.

"முதல் பக்கத்துல போட்ட தப்பு சார். முதல் பக்கத்துலதான் திருத்தணும்" என்றாள் இவள்.

"ஏம்மா, நாம கடை நடத்துறோமா, பாவமன்னிப்பு நடத்துறோமா?" என்றார் பகீர்.

"அப்படின்னா இனிமே என்னால தலைப்பு எழுத முடியாது."

"எழுதாத ஆளுக்கு மாடியில என்ன வேலை?"

மறுநாள் காலை அவள் மேசை மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. பகீருக்கு அது தண்டனை. இவளை வெளியே அனுப்ப முதலாளிக்கு மனசில்லை. 'சலவையும் சாயமும்' இதழைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். மாடியில் எல்லாரும் எட்டுக்காலை வெளுக்கப் போட்டாச்சு என்று சிரித்தார்கள். வீட்டில் அவள் அக்கா மட்டும் சந்தோஷப்பட்டாள். "இனிமே நீ எழுதறதை நான் தைரியமா கடையில காட்டலாம்" என்றாளாம். அக்காவுக்கு ஒரு சலவைக்கடையில்தான் வேலை. வரும் துணிகளைத் தரையில் உட்கார்ந்து தரம் பிரிப்பது, அறுந்த பட்டனைத் தைப்பது. அக்கா, அக்கா புருஷன், இவள் என்று மூன்று பேரும் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தார்கள்.

மாடிப்படிக்கு அடியில் அவள் கண்டெடுத்தது ஒரு சாக்குமூட்டை. அதற்குள் வாசகர் கடிதங்கள். எத்தனையோ வருஷமாக வந்தவை. பதில் போட ஆளில்லாததால் யாரோ மூட்டை கட்டிப் போட்டிருந்தார்கள். பாதியை நான்தான் கட்டினேன். ஒரு வாரம் உட்கார்ந்து ஒன்று விடாமல் படித்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அண்ணே, இவங்களுக்கெல்லாம் எவ்வளவு விஷயம் தெரிஞ்சிருக்கு பாத்தீங்களா? இங்க் கறை போகாம ஒருத்தர் தவிக்கிறாரு. அதுக்கு மருந்து இன்னொருத்தர் லெட்டர்ல இருக்கு. ரெண்டு பேரும் ஒரே மூட்டைக்குள்ள, ஒருத்தரை ஒருத்தர் பாக்காம கிடக்காங்க."

"அதுக்கு?"

"அதுக்கு நாம தரகர் வேலை பாக்கணும்."

அடுத்த இதழிலிருந்து கேள்விக்கு ஒரு பக்கம், பதிலுக்கு ஒரு பக்கம். தலைப்புகளை மட்டும் அவள் பழைய கையால் எழுதினாள். 'காலர் அழுக்கு: குற்றவாளி சோப்பு அல்ல, தண்ணீர்.' 'பட்டுத்துணியைச் சுருக்கியவர் யார்? ஆவியே ஒப்புக்கொண்டது.' வித்தியாசம் என்னவென்றால், தலைப்பில் பாதியில் நின்ற உண்மை கீழே வந்து முழுசாக முடிந்தது. கடைக்காரர்கள் சிரித்துக்கொண்டே படித்தார்கள். படித்ததைச் செய்து பார்த்தார்கள். எண்ணூறு பிரதி அடித்த இடத்தில் இரண்டே வருஷத்தில் மூவாயிரம் அடித்தோம்.

அந்தச் சமயத்தில்தான் பேய் வந்தது.

தண்ணீர் இல்லாமல் துணி வெளுக்கிற புது மெஷின் அப்போதுதான் கடைகளுக்குள் நுழைந்திருந்தது. துணியை உள்ளே போட்டு, கறை எடுக்கிற ஒரு திரவத்தை ஊற்றிச் சுற்ற விடுவார்கள். அக்கா வேலை பார்த்த கடையிலும் ஒன்று வாங்கினார்கள். கடைக்குச் சொந்தக்காரி, புருஷன் போன பிறகு தனியாளாக நின்று பதினைந்து பேருக்கு வேலை கொடுத்த பெண்மணி. மெஷின் வந்த இரண்டாம் மாதம் துணி பிரிக்கிற பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். மூன்று நாள் கழித்து இன்னொருத்தி. அதே வாரத்தில் மூன்றாவது. விழுந்தவள் ஒருத்தி, மயக்கம் தெளிகிற நேரத்தில், "வெள்ளையா ஏதோ நின்னுச்சு" என்று முனகினாள். சலவைக்கடையில் வெள்ளையாக எது நிற்காது? எதிரே கம்பியில் இருபது விரிப்புகள் தொங்கின.

ஆனால் அந்த முனகல் பகீர் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் மாலை எட்டுக் காலத்தில்: 'சலவைக்கடையில் வெள்ளை உருவம்! பெண்களை மட்டும் சாய்க்கிறது!' தினம் ஒரு கதை வந்தது. கடை இருந்த இடம் முன்னொரு காலத்தில் மயானம் என்றார்கள். மயானமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. சைக்கிள் நிறுத்துகிற இடமாக இருந்தது. கடைக்காரம்மாவின் புருஷனே திரும்பி வந்திருக்கிறார் என்று ஒரு நாள் எழுதினார்கள். அன்று அந்த அம்மா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தாராம். துணி போட்டவர்கள் ஈரத்தோடு திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள்.

எட்டுக்காலின் வீட்டிலேயே பேய்க்கு ஒரு பக்தர் இருந்தார், அக்கா புருஷன். மாலைப் பத்திரிகையைத் தினமும் வாங்கி, குரலை ஏற்றி இறக்கி வாசிப்பார்.

"பாத்தியா, பொம்பளைங்களை மட்டும்தான் பிடிக்குதாம். ஆம்பளை ஒருத்தனைக்கூட தொடல. அது பேய் இல்லாம வேற என்ன?" என்றார்.

"மாமா, பேய்க்கு ஆம்பளை பொம்பளை எப்படித் தெரியும்? ரேஷன் கார்டு பாக்குமா?" என்று கேட்டாள் இவள்.

"நீ எழுதினப்ப மட்டும் நம்பச் சொன்னே?"

அவள் பத்திரிகையை வாங்கி மறுபடி படித்தாள். அவர் வாசித்த அந்த வரி, பெண்களை மட்டும் என்பது, அவள் மனசில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. மறுநாள் அக்காவே கடையில் மயங்கி விழுந்தாள். வீட்டில் கொண்டுவந்து படுக்க வைத்த பிறகும் தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்றாள். அக்கா புருஷன் அன்று பத்திரிகை வாசிக்கவில்லை. அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை ஆபீசுக்கு வந்ததும் எட்டுக்கால் கடிதக் கட்டைப் பிரித்தாள். எங்கோ படித்த ஞாபகம். அரை நாள் தேடி ஒரு தபால் அட்டையை எடுத்தாள். மூன்று மாதம் முன்பு வேறு ஊர்க் கடைக்காரர் ஒருவர் எழுதியது: 'புது மெஷின் வந்ததிலிருந்து எங்கள் கடைப் பூனை தரையில் படுப்பதே இல்லை. அலமாரி மேலேயே இருக்கிறது. காரணம் தெரிந்தால் எழுதவும்.' அதை நாங்கள் வேடிக்கை என்று நினைத்துப் போடாமல் விட்டிருந்தோம்.

"அண்ணே, பூனைக்கு என்ன தெரிஞ்சிருக்கு?" என்றாள்.

"எலி எங்க இருக்குன்னு தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. எங்கள் இதழின் பின்னட்டையைத் திருப்பினாள். மெஷின் கம்பெனியின் முழுப்பக்க விளம்பரம். 'எங்கள் மெஷினை வாங்கிப் பயனடைந்தோர்' என்று இருபத்து மூன்று கடைகளின் முகவரி போட்டிருந்தார்கள். தேடி அலைய வேண்டிய பட்டியலை அவர்களே அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். அன்றே இருபத்து மூன்று பதில் அட்டைகளில் ஒரே மாதிரி ஐந்து கேள்விகளை நான் அச்சடித்துக் கொடுத்தேன். யாராவது மயங்கினார்களா? ஆணா பெண்ணா? அப்போது நின்றார்களா, உட்கார்ந்திருந்தார்களா? காற்றை வெளியே தள்ளும் விசிறி சுவரில் எந்த உயரத்தில் இருக்கிறது? வேறு ஏதாவது கவனித்தீர்களா?

அவளைத் தெரிந்த கடைக்காரர்கள். காலர் அழுக்குக்கு வழி சொன்னவள் கேட்கிறாள் என்றால் சும்மா இருப்பார்களா? பத்து நாளில் பதினேழு பதில்கள் வந்தன. அவற்றைப் பெரிய மேசையில் பரப்பி வைத்தோம். பதினொரு கடைகளில் ஆட்கள் மயங்கியிருந்தார்கள். பதினொன்றிலும், விழுந்தவர்கள் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். துணி பிரிப்பதும் பட்டன் தைப்பதும் பெண்கள் வேலையாக இருந்ததால் பெண்களே விழுந்தார்கள். ஆண்கள் இஸ்திரி மேசை அருகில் நின்றார்கள். ஒரே ஒரு கடையிலிருந்து வந்த அட்டை வேறு மாதிரி இருந்தது: 'எங்கள் கடையில் மயங்கியவர் ஆண். ஒரு கால் முடியாதவர், தரையில் உட்கார்ந்து பட்டன் தைக்கிறவர்.'

அந்த அட்டையை அவள் தனியாக எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"ஆம்பளை" என்றாள். "பேய் ஏமாந்துடுச்சு அண்ணே."

மயக்கமே வராத ஆறு கடைகள் மிச்சம். ஐந்தில் தரையை ஒட்டிப் பெரிய கதவு, எப்போதும் திறந்தே கிடந்தது. ஆறாவது கடைக்காரர், மேலே கண்ணாடி ஜன்னல் இருந்ததால் விசிறியை வேறு வழியில்லாமல் முழங்காலுக்குக் கீழே மாட்டியிருந்தார். மற்ற எல்லாக் கடையிலும் விசிறி கூரையை ஒட்டி இருந்தது. ஏனென்றால் கம்பெனி கொடுத்த படத்தில் அப்படித்தான் இருந்தது.

ஒரு கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரிடம் போனோம். அவர் அட்டைகளை எல்லாம் பொறுமையாகப் படித்தார். "இந்தத் திரவத்தோட ஆவி காத்தைவிட ரொம்பக் கனம். மேல போகாது. தண்ணி மாதிரி தரையில தேங்கும். நிக்கிறவன் மூக்குக்குக் கம்மியா வரும், உட்கார்ந்தவன் அதுலயே முங்கிக் கிடப்பான்" என்றார். "மேல விசிறி வெச்சு என்ன பிரயோஜனம்? கிணத்துல தண்ணி இறைக்க மொட்டைமாடியில ஏத்தம் கட்டின மாதிரி."

சொன்னால் மட்டும் போதாது, செய்து பார்க்க வேண்டும் என்று எட்டுக்கால் நேரே கடைக்காரம்மாவிடம் போனாள். நானும் கூடப் போனேன். மாலைப் பத்திரிகை இருக்கும் கட்டடத்திலிருந்து வருகிறோம் என்றதும் அந்த அம்மாவின் முகம் இறுகிவிட்டது.

"இன்னும் என்ன எழுதணும்? என் புருஷனைத்தான் பேயாக்கிட்டீங்களே."

"உங்க கடையில பேய் இல்லம்மா. விசிறி தப்பான இடத்துல இருக்கு" என்றாள் இவள். "சுவத்துல கணுக்கால் உயரத்துக்கு ஒரு ஓட்டை போட்டு விசிறியைக் கீழ இறக்குங்க. ஒரு வாரம் பாருங்க. யாராவது விழுந்தா எங்க அக்காவுக்குப் பதிலா நான் வந்து இங்க துணி பிரிக்கிறேன்."

அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க அக்கா உங்களைப் பத்திச் சொல்லியிருக்கா. சொன்னா செய்வீங்கன்னு" என்றார். அன்று மத்தியானமே கொத்தனார் வந்து சுவரை உடைத்தார்.

ஒரு வாரம், இரண்டு வாரம். யாரும் விழவில்லை. அக்கா திரும்ப வேலைக்குப் போனாள். முதல் நாள் அக்கா புருஷன் கூடவே போய்க் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் வரை ஒன்றும் நடக்கவில்லை. "பேய்க்கு இன்னைக்கு லீவா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து வீட்டிலேயே இருந்தார்.

இனி அச்சேற்ற வேண்டியதுதான். முதலாளி கட்டுரையை இரண்டு தடவை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மெஷின் கம்பெனிதான் பின்னட்டை விளம்பரம் கொடுக்கிறான். தெரியுமில்ல?"

"தெரியும் ஐயா. மெஷின் தப்புன்னு நான் எழுதல. அவங்க கொடுத்த படம் தப்புன்னுதான் எழுதியிருக்கேன். படத்தை மாத்தினா மெஷின் இன்னும் நல்லா விக்கும்."

"கோவிச்சுக்கிட்டான்னா?"

"பதினேழு கடைக்காரங்களும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்க. நாம போடலன்னா அவங்களே நோட்டீஸ் அடிச்சு ஊரெல்லாம் கொடுப்பாங்க. அநேகமா நம்ம பிரஸ்லதான் அடிப்பாங்க."

முதலாளி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "எங்க அப்பா இருந்திருந்தா உன்னைத்தான் மாடியில வெச்சிருப்பார், என்னை மாடிப்படிக்குக் கீழ அனுப்பியிருப்பார்" என்றார். "போடு."

'சலவையும் சாயமும்' அந்த மாதம் ஒரே தலைப்போடு வந்தது: 'பேய் இல்லை, விசிறி மேலே இருந்தது.' நடுவில் பெரிய படம். தரையில் தேங்கிய ஆவி, அதில் உட்கார்ந்திருக்கும் பெண், தலைக்கு மேலே வீணாகச் சுற்றும் விசிறி. பக்கத்திலேயே, விசிறியை எங்கே மாட்ட வேண்டும் என்று அளவோடு இன்னொரு படம். மூவாயிரம் பிரதி மூன்றே நாளில் தீர்ந்தது. மறுபடி அடித்தோம், அதுவும் தீர்ந்தது. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஒட்டாத சலவைக்கடைச் சுவர் இல்லை என்று சொன்னார்கள். தொழிற்சாலை ஆய்வாளர் ஒருவர் நேரில் வந்து இருபது பிரதி வாங்கிக்கொண்டு போனார். மெஷின் கம்பெனி கோபித்துக்கொண்டது, ஒரு வாரத்துக்கு. பிறகு தன் ஆட்களையே அனுப்பி, விசிறி இன்னும் மேலேயே இருந்த கடைகளில் எல்லாம் அதை இறக்கி மாட்டியது. அடுத்த மாதம் பின்னட்டையில் வந்த விளம்பரத்தில் புதுப் படம் போட்டு, 'பாதுகாப்பான முறையில் பொருத்தித் தரப்படும்' என்று ஒரு வரியும் சேர்த்திருந்தது.

மாடியில் நிலைமை வேறு. பேய்க்கதையை நம்பிய வாசகர்கள் பகீரைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். பத்திரிகை போடுகிற ஏஜெண்டுகளே "என்ன சார், உங்க பேயை உங்க கீழ்வீடே ஓட்டிடுச்சு" என்றார்கள். பகீர் இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மாடிப்படி இறங்கி வந்தார். அறையில் உட்கார இன்னொரு நாற்காலி கிடையாது. காகித உருளை மேல் உட்கார்ந்தார்.

"ஏம்மா, நாளைக்கு நம்ம பேப்பர்லயும் இதைப் போடறோம். 'மர்மம் விலகியது'னு. தலைப்பு நீயே எழுதிக் கொடு."

"தலைப்பு எழுதியாச்சே சார். அதேதான். முதல் பக்கம், எட்டுக் காலம். பேய்க்குப் போட்ட அதே எழுத்து, அதே சைஸ். கடைக்காரம்மாகிட்ட மன்னிப்பும் அந்தச் செய்தியிலேயே வரணும்."

"சரி."

"அதுக்குக் கீழயே டீச்சரோட மறுப்பு. அதுவும் முதல் பக்கம்."

"அது ரெண்டு வருஷப் பழசும்மா. யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

"டீச்சருக்கு இருக்கும்."

பகீர் உருளை மேலிருந்து எழுந்தார். அவரும் அந்தக் காலத்தில் நல்ல நிருபர்தான். "என்னமோ போ" என்றார். "எழுதிக் கொடு, போடறேன்."

அந்தத் தலைப்பைக் கோர்த்ததுதான் என் வேலையில் நான் மறக்காத நாள். எட்டுக் காலத்துக்கான பெரிய எழுத்துகள் மரத்தில் செதுக்கியவை. எண்ணி எண்ணித்தான் இருக்கும். கொலை, கொள்ளை என்று போட்டுப் போட்டு 'கொ' மழுங்கிக் கிடக்கும். 'இல்லை' என்று அந்தச் சைஸில் அதுவரை நான் கோர்த்ததே கிடையாது. எங்கள் பத்திரிகை எதையுமே இல்லை என்று சொன்னதில்லை. தேடிப் பார்த்தேன். 'கொலை'க்காக வைத்திருந்த 'லை'யைத்தான் எடுத்துத் துடைத்து 'இல்லை'க்குப் போட்டேன். அச்சில் கொஞ்சம் தேய்ந்துதான் விழுந்தது. ஆனாலும் தெருமுனையில் நின்று படிக்கலாம்.

பகீர் பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. அன்றைய பத்திரிகை கிணற்றுக் கையைவிட வேகமாக விற்றது. மறுவாரம் டீச்சரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டே வரி. 'பார்த்தேன். வகுப்பிலும் வாசித்துக் காட்டினேன்.' அதை அவள் என்னிடம் காட்டிவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கடைக்காரம்மாவின் கடையில் பழையபடி கூட்டம். பேய் இருந்த கடை இதுதானா என்று பார்க்கவே சிலர் துணி கொண்டு வந்தார்கள். வந்தவர்களை அந்த அம்மா விடவில்லை, விசிறியைக் காட்டிவிட்டுத்தான் துணியை வாங்குவார்.

முதலாளி அவளை மாடிக்கு வரச் சொன்னார். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். அதற்குப் பதில் மாடிப்படி அறையின் காகித உருளைகளை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி, ஜன்னல் ஒன்று வைக்கச் சொன்னாள். 'சலவையும் சாயமும்' அடுத்த வருஷம் மாதம் இருமுறை ஆனது. அவள் பெயருக்கு முன்னால் 'ஆசிரியர்' என்ற வார்த்தையை நானே தடித்த எழுத்தில் கோர்த்தேன். அவள் மெல்லிய எழுத்தில் மாற்றச் சொன்னாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

அதே வருஷம் சலவைத் தொழில்காரர்களின் மாநாடு துறைமுக ஊர் ஒன்றில் நடந்தது. அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். அக்கா, அக்கா புருஷன், நான், நாலு பேரும் ரயிலில் போனோம். அக்கா புருஷன் வழிநெடுக எதிரில் உட்கார்ந்தவர்களிடம், பேயை முதலில் சந்தேகப்பட்டவர் தான்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

மண்டபத்தில் முந்நூறு பேருக்கு மேல். வரவேற்றவர் அவளை மேடைக்கு அழைத்ததும், பின்வரிசையில் பெண்கள் சிலர் எழுந்து நின்றார்கள். துணி பிரிக்கிறவர்கள், பட்டன் தைக்கிறவர்கள். அவர்களைப் பார்த்து முன்வரிசையும் எழுந்தது. பிறகு மண்டபம் முழுவதும் நின்றது. ஊன்றுகோலோடு ஒருவர் மெதுவாக எழுந்து நின்றதையும் பார்த்தேன். அவரைக் கேட்காமலே யாரென்று புரிந்தது.

எட்டுக்கால் மேடை ஏறினாள். எழுதி எடுத்துவந்த தாளைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். "உட்காருங்க" என்றாள். "நானும் உட்கார்றேன். உட்கார்ந்தாலும் மயக்கம் வராதுன்னு நமக்குத்தான் தெரியுமே."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அப்புறம் அவள் மேடையின் ஓரத்திலேயே காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு பெண் எழுந்து, கம்பளித் துணியில் மெழுகு ஒட்டினால் என்ன செய்வது என்று கேட்டாள். இவள் பதில் சொல்வதற்குள் மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வழி சொன்னார். அது சரியில்லை என்று இன்னொருவர் மறுத்தார். அவள் பையிலிருந்து பென்சிலை எடுத்து, எழுதி வந்த பேச்சின் பின்பக்கத்தில் இரண்டு பேர் சொன்னதையும் குறித்துக்கொள்ள ஆரம்பித்தாள்.